ரோஸ் மெழுகு

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மாலை, பேருந்துப் பணிமனைக்குப் பின்புறமுள்ள ஒத்திகை அறையில், ஒரு மின்சார கிட்டாரின் முன் பிக்கப் செயலிழந்தது. அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். வெளியே மழை.

பாட்டில் மற்ற நால்வரும் கையை எடுத்துவிட, கிட்டார் மட்டும் தனியாக வரும் கட்டம் அது. கிட்டார் வாசிக்கும் பெண்ணின் விரல்கள் ஓடின, சத்தம் வரவில்லை. சுவிட்சை மறுபக்கம் தள்ளினாள். பின் பிக்கப் வேலை செய்தது, ஆனால் தகரத்தை நகத்தால் கீறுவதுபோல. அந்தக் கட்டத்துக்கு அது ஆகாது.

தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் சிறு பட்டைதான் பிக்கப். உள்ளே காந்தத் துண்டுகள். அவற்றைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்பு இழை, ஆயிரக்கணக்கான சுற்று. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்கு அனுப்புவது அதுதான். அந்த இழை எங்கோ உள்ளே அறுந்திருந்தது.

“என்னம்மா, ஊமையாயிடுச்சா?” என்றார் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து மாஸ்டர். குழு அவருடையது.

“சுருள் போயிடுச்சு மாஸ்டர். புதுசு போடணும்.”

“ஞாயித்துக்கிழமை மண்டபம் திறப்பு. மொதப் பாட்டே இதுதான்.”

“தெரியும்.”

“கறுப்புக் கண்ணாடி ரெண்டு கிட்டார் வெச்சிருக்கான். ஒண்ணு இரவல் கேட்டுப் பாக்கட்டுமா?”

கறுப்புக் கண்ணாடி என்பவர் இன்னொரு கிட்டார்காரர். மழை நாளிலும் கண்ணாடியைக் கழற்றாதவர். மாஸ்டரின் குழுவில் இடம் கேட்டு இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தார்.

“வேண்டாம்” என்றாள்.

“கோவிச்சுக்காதே. அவன் கிட்டாரைக் குடுத்தனுப்பிட்டு வீட்ல உக்காந்திருக்க மாட்டான். கூடவே வந்து நிப்பான். அது எனக்கும் தெரியும்.”

“அதனாலதான் மாஸ்டர் வேண்டாங்கறேன்.”

டிரம்ஸ் வாசிப்பவர் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. “சனிக்கிழமை காலைல ஒத்திகை. அதுல சரியா இருந்தா நீ. இல்லேன்னா அவன். என் நெலமையையும் நீ பாக்கணும்.”

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. குழுவில் ஒரே பெண். சேர்ந்த புதிதில் பாடகி என்று நினைத்து மைக்கை நீட்டியவர்கள் உண்டு. மேடையில் இடது ஓரத்தில், ஆம்புக்கு ஒரு எட்டு முன்னால், அவள் நிற்கும் இடத்தில் பல வருடமாக வேறு யாரும் நின்றதில்லை.

கடையில் பிக்கப் மாட்டித் தர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பிக்கப்பை மட்டும் வாங்கிக்கொண்டு நனைந்தபடி வீடு வந்தாள். கையால் சுற்றியது. பெயர் அச்சிடாத அட்டைப்பெட்டி.

அவர்கள் வீட்டின் முன்னறை கணவரின் பட்டறை. அவர் பல்செட்டு செய்பவர். ஜன்னலோரம் நீள மேஜை. அதன்மேல் பிளாஸ்டரில் வார்த்த ஈறுகள் வரிசையாக வாய் பிளந்து கிடக்கும். பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கத்திகள், மெருகு போடும் சின்ன மோட்டார், ரோஸ் நிற மெழுகுத் தகடுகள். விடாத மழையில் பிளாஸ்டர் காயாமல் அறை முழுக்கச் சுண்ணாம்பு ஈரத்தின் வாசம்.

பல் டாக்டர்கள் அவரைத் தேடி வருவது அவருடைய மெழுகு வேலைக்காக. சூடான கத்தி முனையில் ஒரு சொட்டு மெழுகை ஏந்திப் போய், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இறக்கி, உறைவதற்குள் வழித்துவிடுவார். பிறகுதான் அது அச்சுக்குள் போய்க் கெட்டி ஈறாக மாறும். அவருடைய அம்மாவின் வாயில் இருந்த மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் அவர் செய்தவைதான். அந்த அம்மாள், வீட்டுக்கு யார் வந்தாலும் வறுத்த வேர்க்கடலையைக் கடித்துக் காட்டிவிட்டுத்தான் நலம் விசாரிப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை, மேஜையில் பாதியை ஒழித்து, பழைய துண்டை விரித்து, கிட்டாரை மல்லாத்தினாள். தந்திகளைத் தளர்த்தி எடுத்தாள். முகப்புத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றி டீக்கோப்பைத் தட்டில் போட்டாள். தகட்டைப் புரட்டியதும் உள்ளிருந்த ஒயர்கள் தெரிந்தன. முன் பிக்கப்பிலிருந்து இரண்டு ஒயர்: வெள்ளை சுவிட்சுக்கு, கறுப்பு வால்யூம் குமிழின் முதுகுக்கு. செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஒயரை ஈயத்தால் பற்றவைக்கும் சாலிடரிங் அயர்னைச் சொருகினாள்.

“கொடு” என்றார் கணவர்.

“எதைங்க?”

“அயர்னை. இந்த வீட்ல பொடி வேலை யாரு பாக்கறது?”

“கேபிளுக்கெல்லாம் நான்தாங்க பத்த வெக்கறேன். இத்தனை வருஷமா.”

“கேபிள் வேற. இது உன் மேடை விஷயம். நேத்து சாயங்காலத்துல இருந்து நீ பதறிட்டு இருக்கே, நான் பாத்துட்டுதான் இருக்கேன். ஒரு பல்லு மயிரிழை தள்ளிப்போனா கடி மாறிடும். அதையே பண்றேன். இது ரெண்டு ஒயர்.”

வாசல்படியில் கடலை உரித்துக்கொண்டிருந்த மாமியார் அங்கிருந்தே சொன்னாள்: “கொடுத்துடும்மா. கொடுக்கலேன்னா நாள் பூரா மொகத்தைத் தூக்கி வெச்சிருப்பான். அந்த மொகத்தை நான்தான் பாக்கணும்.”

கொடுத்தாள்.

அவர் பழைய ஒயர்களை எடுத்த விதம் சுத்தமாக இருந்தது. குமிழின் முதுகில் கறுத்திருந்த துருவை மோட்டாரால் நீவிப் பளபளப்பாக்கியது அதைவிடச் சுத்தம். அடுத்துச் செய்ததில்தான் தவறு. அயர்னின் முனையில் ஈயத்தை உருக்கி, அந்தச் சொட்டை ஏந்திக் கொண்டுபோய் ஒயரின்மேல் இறக்கினார். கத்தியில் மெழுகை ஏந்திப் பழகிய கை. சொட்டு உருண்டு நின்றது. ஓரத்தைத் தட்டி, வழித்து, மேலே லேசாக மெருகும் போட்டார்.

“பாரு” என்றார்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. முத்துப்போல. மாமியார் எழுந்து வந்து பார்த்து, “கம்மலுக்கு வெக்கலாம்டா” என்றாள்.

மருமகள் ஒயரைப் பிடித்து மெல்ல இழுத்தாள். முத்து ஒயரோடு கையில் வந்துவிட்டது. குமிழின் முதுகில் ஒட்டியிருந்த தடம்கூட இல்லை.

அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“நீ இழுத்தே” என்றார் அவர்.

“இழுத்துப் பாக்கணும்ங்க. மேடையில நான் செலையாட்டம் நிக்கறதில்ல.”

“ஈயம் சரியில்ல.”

“ஈயம் நல்ல ஈயம். கொண்டுபோய் வைக்கக்கூடாது. எங்க ஒட்டணுமோ அந்த எடம் மொதல்ல சூடேறணும். சூடேறின எடத்துல ஈயத்தைக் காட்டினா அதுவே உருகி ஓடும். நீங்க சூட்டை அயர்ன்லயே வெச்சுக்கிட்டு, ஈயத்தை மட்டும் அனுப்பினீங்க.”

“மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“சொல்ல விட்டீங்களா?”

அவர் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு, மேஜையின் மறுபாதிக்குப் போய் யாருடைய கீழ்த்தாடையையோ எடுத்துச் சுரண்டத் தொடங்கினார்.

அவள் அந்த இடத்தில் அயர்னை அழுத்திப் பிடித்தாள். குமிழின் முதுகு கனமான தகடு. சூடு ஏற நேரம் எடுத்தது. ஈயத்தை இடத்தில் தொட்டாள். அது நீர்போலப் பரவி ஒயரின் இழைகளுக்குள் ஏறியது. ஊதாமல் காத்திருந்தாள். பிறகு சுவிட்சுப் பக்கம் வெள்ளை ஒயர். இரண்டையும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

“நீங்க மெருகு போட்ட எடம் நல்லாப் புடிச்சுதுங்க” என்றாள்.

அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார். மத்தியானச் சோற்றின்போதும் அவர், “தண்ணி” என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேசவில்லை. மாமியார் இருவர் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நல்ல வேளை, ரெண்டு பேருக்கும் பல்லு சொந்தப் பல்லு. இந்தக் கடி கடிக்கறீங்க” என்றாள்.

சனிக்கிழமை ஒத்திகையில் கிட்டார் முதலில் நன்றாகவே பேசியது. தனிக் கட்டம் வந்தபோது பாஸ் வாசிப்பவர் திரும்பிப் பார்த்தார். பழைய பிக்கப்பைவிடச் சத்தம் நிறைந்திருந்தது. மாஸ்டர்கூடத் தலையை ஆட்டினார்.

“இப்ப மண்டபத்து அளவுக்குச் சத்தத்தை ஏத்து” என்றார்.

ஏற்றினாள். பாதி தாண்டியதும் ஆம்பிலிருந்து ஊளை கிளம்பியது. கூரிய, நிற்காத ஊளை. உள்ளங்கையை விரித்துத் தந்திகள் அத்தனையையும் அமுக்கினாள். தந்திகள் அசையாமல் கிடந்தும் ஊளை நிற்கவில்லை. அப்படியானால் தந்தியில் இல்லை, புதுப் பிக்கப்பின் உள்ளேயே கோளாறு. வால்யூமைக் குறைத்தாள்.

டிரம்ஸ்காரர் காதிலிருந்து விரலை எடுத்தார். “அக்கா, இதைத் தொறப்பு விழாவுல போட்டா, வந்தவங்க கதவை மூடிட்டுப் போயிடுவாங்க.”

“நாளைக்கு நாலு மணிக்கு மேடையில சவுண்டு பாக்கறோம்ல மாஸ்டர்? அதுக்குள்ள சரி பண்ணிடறேன்.”

“சரி பண்ணிடுவேன்னுதான் வியாழக்கிழமையும் போனே.” மாஸ்டரின் குரலில் கோபம் இல்லை. “நான் அவனையும் வரச் சொல்லிடறேன்மா. கிட்டாரோட.”

“வரட்டும். முன் வரிசையில ஒரு நாற்காலி போட்டு உக்கார வைங்க. நல்லாத் தெரியும்.”

சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் குடையை மறந்துவிட்டது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

வீட்டில் கணவர் மேஜையில் இருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார், மறுபடி வேலையில் குனிந்தார். அவள் கிட்டாரை மேஜையின் தன் பாதியில் கிடத்தி, சின்ன ஆம்பைச் சொருகி, ஊளை கிளம்பும்வரை ஏற்றினாள், ஒரு பிசிறு குறைத்தாள், மறுபடி ஏற்றினாள். எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தேடினாள்.

உள்ளேயிருந்து மாமியார் வந்தாள். கையில் கடலைக் கிண்ணம்.

“ஏம்மா, பூனையைப் போட்டு மிதிக்கிறியா? மத்தியானத்துல ஒரு மனுஷி கண்ணசர வேண்டாமா?” மேஜைமேல் குனிந்து கிட்டாரைப் பார்த்தபடியே கேட்டாள். அந்தக் கடைசி “வேண்டாமா” என்பது அறையின் மூலையிலிருந்து இன்னொரு முறை கேட்டது.

மாமியார் நிமிர்ந்தாள். “யாரு உள்ள?”

மருமகள் மூலையில் இருந்த ஆம்பைப் பார்த்தாள். “அத்தை, மறுபடி குனிஞ்சு பேசுங்க.”

“என்ன பேச?”

ஆம்பும், “என்ன பேச” என்றது. டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல.

“அட! என் கொரல்!” மாமியார் கிண்ணத்தை வைத்துவிட்டு, பிக்கப்புக்கு நேராக வாயைக் கொண்டுபோனாள். “ஹலோ. என் மகன் ரெண்டு நாளா மொகத்தைத் தூக்கி வெச்சிருக்கான். கேக்குதா? ஹலோ.”

கேட்டது. கணவர் பிளாஸ்டர் தாடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

“இன்னொரு தடவை பேசும்மா.”

“பேசாதேம்மான்னு பொழுதன்னிக்கும் சொல்லுவே. இன்னிக்கு நல்ல நாளா?”

அவர் பிக்கப்பின் பிளாஸ்டிக் மூடியைச் சுண்டு விரலால் தட்டினார். ஆம்பில், “டொக்” என்றது. தலையைச் சாய்த்துக்கொண்டு மறுபடி தட்டினார்.

“உன் மொத செட்டு ஞாபகம் இருக்காம்மா? டாக்டர் அளவு தப்பா எடுத்து அனுப்பினானே?”

“மறக்குமா? வாயைத் தொறந்தா டக்கு டக்குன்னு அடிக்கும். குதிரை வண்டி வர்றாப்லன்னு நீதான் சொன்னே.”

“ஈறுக்கும் செட்டுக்கும் நடுவுல காத்து. அதான் ஆடுச்சு.” மனைவியின் பக்கம் திரும்பினார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை. “இதுக்குள்ளயும் காத்து இருக்கு. சுத்தினவன் இறுக்கமாச் சுத்தல. சத்தம் பட்டா இழையே ஆடுது. அம்மா கத்தினாலே ஆடுதுன்னா, உன் ஆம்பு கத்தினா?”

“ஆம்பு கத்த கத்த இது ஆடும். இது ஆட ஆட ஆம்பு கத்தும்” என்றாள் மெதுவாக. “அதான் ஊளை.” பிறகு, “மெழுகுல முக்கி எடுப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். கம்பெனியில செய்யறப்பவே. இதை முக்கல போல.”

“என்ன மெழுகு?”

“உருகி உள்ள போயி கெட்டியாகற மெழுகு. அவ்வளவுதான் தெரியும்.”

மூவரும் மேஜையின் மறுபாதியைப் பார்த்தார்கள். ரோஸ் தகடுகள் பெட்டி நிறைய இருந்தன.

அவர் உடனே கையை நீட்டவில்லை. “நான் செய்யட்டுமா?” என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். சுருள் வெந்துபோனால் வேறு பிக்கப் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை. முன் வரிசை நாற்காலியில் உட்காரப்போவது அவள்தான்.

“இதுக்கு உடம்பு பிளாஸ்டிக்குங்க. சூட்டுல வளைஞ்சா போச்சு.”

“நெருப்புல காட்ட மாட்டேன். வெந்நிக்குள்ள கிண்ணம் வெச்சு, கிண்ணத்துக்குள்ள மெழுகு. மெழுகு உருகற சூட்டுக்குப் பிளாஸ்டிக் ஒண்ணும் ஆகாது.”

“அதுக்கு மேல போயிட்டா?”

“போகாது.”

“வெள்ளிக்கிழமையும் இதே கொரல்லதான் சொன்னீங்க.”

“வெள்ளிக்கிழமை ஈயம்” என்றார். “இது மெழுகு.”

மாமியார் கடலைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மருமகள் அயர்னைச் சொருகினாள். தானே வைத்த இரண்டு பற்றையும் உருக்கி, ஒயர்களை விடுவித்து, பிக்கப்பின் மூடியைக் கழற்றி, சுருளை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

“காலையில” என்றார். “பகல் வெளிச்சத்துலதான் மெழுகு எனக்குச் சரியாத் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஜன்னலை முழுக்கத் திறந்தார். பாத்திரத்தில் தண்ணீர், அதில் எவர்சில்வர் கிண்ணம், அதில் மெழுகுத் தகடுகள் ஒவ்வொன்றாக மடங்கி உருகின. பட்டறைத் தெர்மாமீட்டரை ஓரத்தில் நிறுத்தினார். ஆனால் அதை அதிகம் பார்க்கவில்லை. கத்தியை முக்கி எடுத்து, அதில் படலம் எப்படி வழிகிறது என்று வெளிச்சத்தில் பார்த்தார். தண்ணீர் சலசலக்கத் தொடங்கியதும் அடுப்பைத் தணித்தார். இன்னும் ஒருமுறை பார்த்தார். இன்னும் தணித்தார்.

“எதுக்குக் காத்திருக்கீங்க?”

“கத்தியில தண்ணியாட்டம் ஓடணும். ஆனா ஆவி வரக்கூடாது.”

பிறகு சுருளை அதன் இரண்டு ஒயர்களால் பிடித்து மெல்ல இறக்கினார். ரோஸ் திரவத்தின் மேல் குமிழிகள் வந்தன. பொடிப் பொடியாக, நிறுத்தாமல், சுருளின் நடுவிலிருந்து.

“பாத்தியா, காத்து” என்றார். “எவ்வளவு காத்து பாரு.”

அவள் குனிந்து பார்த்தாள். பொடி இழைகளுக்கு நடுவே இவ்வளவு இடம் இருந்திருக்கிறது. குமிழிகள் குறைந்தன. அவள் கையை நீட்டியபோது அவர் தலையை அசைத்தார். வெகு நேரம் கழித்து ஒரே ஒரு குமிழி வந்து உடைந்தது. அதற்குப் பிறகும் காத்திருந்தார். பிறகு தூக்கி, சொட்டவிட்டு, காந்தத் தலைகளின்மேல் படிந்ததைத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தார். மாமியார் மின்விசிறியின் பொத்தானை நோக்கி எழுந்தாள்.

“வேண்டாம்மா! திடீர்னு ஆறினா சுருங்கும். தானா ஆறட்டும்.”

“எனக்குப் புழுங்குதுடா.”

“விசிறிக்கோ.”

சுருள் ஆறி வந்தபோது அதன் பக்கங்கள் இளம் ஈறின் நிறத்தில் இருந்தன. மாமியார் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வாயைத் திறந்து தன் செட்டைக் காட்டினாள். “ஒரே கலர். உனக்கு ஒரு நாத்தனார் இல்லாத குறை தீர்ந்துதும்மா. இதையும் என் வயித்துல பொறந்ததா வெச்சுக்கோ.”

அவள் சிரித்தாள். அயர்னை எடுத்தாள். வெள்ளை ஒயர் சுவிட்சில், கறுப்பு ஒயர் குமிழின் முதுகில். அவர் அருகில் நின்று, அந்த இடம் சூடேறுவதையும், ஈயம் தானாக ஓடுவதையும் பார்த்தார். “ம்” என்றார்.

தகட்டை மூடி, தந்திகளை மாட்டி, சுருதி சேர்த்து, ஆம்பை முழுக்க ஏற்றினாள். ஊளை இல்லை. இரைச்சல்கூட மெல்லியதாகத்தான் இருந்தது.

“பேசுங்க அத்தை.”

மாமியார் குனிந்தாள். “ஹலோ. கேக்குதா?” ஆம்ப் பதில் சொல்லவில்லை. “ஹலோ! டேய், கேக்கலையே!”

“கடைசியில ஒரு வழியா உன் வாயை மெழுகு ஊத்தி அடைச்சாச்சும்மா” என்றார் மகன்.

“இந்த வாய்ல இருக்கறதே நீ செஞ்சதுதான். வேணும்னா கழட்டி எடுத்துக்கோ.”

அவள் தந்தியை மீட்டினாள். மேஜைமேல் இருந்த பிளாஸ்டர் தாடைகள் அதிர்ந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவர் அவற்றைப் பிடிக்கவில்லை.

நாலு மணிக்கு மண்டபத்தில் புதுப் பெயிண்ட் வாசம். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆட்கள் இன்னும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் கறுப்புக் கண்ணாடி, பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் பார்த்து, “வாங்க, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு மேடை ஏறினாள். தன் இடத்தில் நின்றாள். ஆம்புக்கு ஒரு எட்டு முன்னால்.

“ஏத்து” என்றார் மாஸ்டர்.

ஏற்றினாள்.

“இன்னும்.”

ஏற்றினாள். ஆம்புக்கு முகம் கொடுத்துத் திரும்பி நின்று, தந்திகளிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். மண்டபம் அமைதியாக இருந்தது. நாற்காலி பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தனிக் கட்டத்தை முழுதாக வாசித்தாள். நாற்காலி பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

மாஸ்டர் கீபோர்டைச் சுற்றிக்கொண்டு வந்து கிட்டாரை உற்றுப் பார்த்தார். பிக்கப் மூடியின் ஓரத்தில் நூலளவுக்கு ரோஸ் தெரிந்தது.

“எந்தக் கடையில பண்ணினே? ஞாயித்துக்கிழமை மூடின கடையை உனக்கு மட்டும் தொறந்தாங்களா?”

“கடையில இல்ல மாஸ்டர். பத்த வெச்சது நான். மெழுகு எங்க வீட்டுக்காரர்.”

“அவரு பல்லு கட்டறவர்தானே?”

“ஆமா” என்றாள். கீழே இரண்டாவது வரிசையில் அவர் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்து நிமிர்ந்தார். சட்டைக் கைமடிப்பை ஒருமுறை சரிசெய்துகொண்டார். மாமியார் பக்கத்து நாற்காலிக்காரியிடம் வேர்க்கடலையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

நிகழ்ச்சி ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிந்தது. முதல் பாட்டைக் கடைசியில் இன்னொரு முறை வேண்டும் என்றது கூட்டம், வாசித்தார்கள். கறுப்புக் கண்ணாடி கடைசிவரை இருந்தார். அவருடைய பெட்டி திறக்கப்படவில்லை.